கிழ நாய்க்கு நாம் பட்ட கடன்

பெரட்டுக் களம் வரைக்கும் தினமும் கூடவே வந்த நாய், ஒருநாள் எழுந்திருக்காமல் இஸ்தோப்பிலேயே கிடக்கிறது. கூப்பிட்டால் வால் மட்டும் அசைகிறது. "வயசாயிருச்சு, அதுவா போயிரும்" என்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறோம். அது அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவில், ஜனவரிக் குளிரில் சிமெந்துத் தரையில் கிடக்கும் கிழ நாயின் மூட்டுகள் என்ன பாடுபடும்! நாய் வலியைக் கத்திச் சொல்லாது. மூலையில் ஒதுங்கும், ஒரே இடத்தை நக்கும், தொட்டால் உறுமும்.

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல், உண்ணிக் காய்ச்சல், புழு வைத்த புண் எல்லாம் முதுமை போலவே தெரியும். அவற்றுக்கு மருந்து உண்டு. பெனடோலை உடைத்துச் சோற்றில் போடாதீர்கள். அது நாயின் ஈரலைக் கெடுக்கும். புரூஃபன், டைக்ளோஃபெனாக் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.

வைத்தியம் பலிக்காதபோது, கருணைக்கொலை செய்வதா என்று எதை வைத்து முடிவெடுப்பது? அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் ஏழு விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்: வலி, சாப்பாடு, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், நல்ல நாட்களின் எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் 10 வரை புள்ளி, நல்ல நிலைக்கு அதிகம். கூட்டினால் 35க்கு மேல் வந்தால் நாயின் வாழ்க்கை இன்னும் தாங்கக்கூடியது. கணக்குப் பார்க்க நேரமில்லையென்றால் கலண்டரில் கெட்ட நாளுக்கு ஒரு புள்ளடி போடுங்கள். நல்ல நாட்களைப் புள்ளடிகள் மிஞ்சிவிட்டால் காத்திருப்பது நம் மனசுக்காகத்தான், நாய்க்காக அல்ல.

சோற்றில் பூச்சிமருந்து கலந்து வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சாவு வலிப்போடு மணிக்கணக்கில் இழுக்கும். மிச்சத்தைத் தின்னும் பக்கத்து லயத்து நாயும் சாகும். சாக்கில் கட்டி அடுத்த தோட்டத்து எல்லையில் விடுவதும் சிறுத்தைக்கு இரை வைப்பதுதான். 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மிருகவதை குற்றம். அதற்கு அந்தச் சட்டம் விதித்த தண்டம் அதிகபட்சம் 100 ரூபாய்! வெட்கக்கேடான தொகை, ஆனாலும் குற்றம் குற்றமே.

திடீரென்று தாடை தொங்கி, எச்சில் வழிந்து, காரணமில்லாமல் கடித்தால் அது முதுமையாக இல்லாமல் விசர்நோயாக இருக்கலாம். வாயில் கை வைக்காதீர்கள். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நாயை அடித்துப் புதைத்துவிட்டால் நோய் இருந்ததா என்று சோதித்துப் பார்க்க முடியாமல் போகும்.

கருணைக்கொலையைப் பதிவுபெற்ற மிருக வைத்தியர்தான் செய்யவேண்டும். ஊசி நரம்பில் ஏறியதும் சில விநாடிகளில் நினைவு தப்பும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் திறந்தே இருக்கும், ஒரு பெருமூச்சும் வரலாம், அது வலியல்ல. தலையை மடியில் வைத்துக்கொள்ள விடச்சொல்லிக் கேளுங்கள்.

அந்த மருந்து செத்த உடலிலும் இருக்கும். பன்றியோ நரியோ தோண்டித் தின்றால் அதுவும் சாகலாம். பீலிக்கும் ஓடைக்கும் தள்ளி, ஆழமாகக் குழிவெட்டிப் புதையுங்கள்.

உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை, நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்துக் காம்பராச் சுவரில் எழுதிவையுங்கள்.