உஷார்! சிபில் ஸ்கோர் இறங்கினால் பதறாதீர்கள். பதற வேண்டிய இடம் வேறு

கொல்கத்தாவின் கரியாஹாட்டிலும் நியூ மார்க்கெட்டிலும் துர்கா பூஜைக்கு வாங்கிக் குவித்தவர்களின் செல்போனுக்கு, தீபாவளி முடிந்த கையோடு ஒரு செய்தி வந்து நிற்கும்: ‘உங்கள் கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது! உடனே பாருங்கள்!’ லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. ராஜார்ஹாட்டில் ஃபிளாட் பார்த்து, வீட்டுக்கடனுக்கு ஃபைல் கொடுத்திருக்கும் நேரமாக இருந்தால் அன்றைய தூக்கம் போச்சு.

அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். முதல் உஷார் அதுதான். பான் எண்ணும் ஓடிபியும் கேட்கும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அனுப்பியது உண்மையான ஆப்பாகவே இருக்கட்டும். உங்களைப் பதற வைத்த அடுத்த நிமிடமே ‘உங்களுக்கென்றே ஒரு லோன்’ என்று வந்து நிற்கப்போவதும் அதே ஆப்தான்.

சரி, ஸ்கோர் ஏன் இறங்கியது? பெரும்பாலும் பூஜைதான் காரணம். கார்டின் லிமிட் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புடவை, பிள்ளைகளுக்கு உடுப்பு, ஊருக்கு ரயில் டிக்கெட் என்று எழுபதாயிரம் தேய்த்தாயிற்று. கெடு தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டியும் ஆயிற்று, ஒரு பைசா வட்டி இல்லை. ஆனாலும் ஸ்கோர் இறங்கும். ஏனென்றால், ஸ்கோர் போடும் கிரெடிட் நிறுவனங்களுக்கு வங்கி கணக்கு எடுத்து அனுப்பிய அன்று உங்கள் பெயரில் எழுபதாயிரம் பாக்கி நின்றது. லிமிட்டில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டவர் என்றுதான் அந்தக் கணக்கு உங்களைப் பார்க்கும். செலவு அடங்கியதும் எண் தானாக ஏறிவிடும். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை போன தகவல், 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகத் தொடங்கியது. இந்த ஏற்ற இறக்கம் இப்போது அடிக்கடி கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடையில் தரும் தவணையும் அப்படித்தான். ‘வட்டியே இல்லை, ஒரு சைன் மட்டும் போடுங்க, தீதி (அக்கா)’ என்பார்கள். டிவிக்கு ஒன்று, ஃபோனுக்கு ஒன்று என்று ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டால் ஒவ்வொன்றும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் தனித்தனிக் கடன். ‘இவர் கடன் கேட்டார்’ என்ற விசாரணைக் குறிப்பும் கூடவே ஏறும்.

இவற்றால் வரும் பத்து, இருபது புள்ளி இறக்கத்துக்கு அஞ்ச வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் பெரிய கடன் கேட்கப்போகிறவர் மட்டும் பூஜைச் செலவைப் பணமாகவே செய்துவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு அந்த எண்ணால் இப்போதைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதுவும் ஒரே எண் கிடையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாட்டில் நான்கு கிரெடிட் நிறுவனங்கள். நான்கும் 300 முதல் 900 வரை தத்தம் வழியில் கணக்கிடுகின்றன. கணக்கே பிசகுவதும் உண்டு: 2022-இல் ஈக்விஃபாக்ஸின் கம்ப்யூட்டர் கோளாறால் அமெரிக்காவில் சுமார் மூன்று லட்சம் பேரின் ஸ்கோர் 25 புள்ளியோ அதற்கு மேலோ தவறாகிப் போனது.

இறக்கத்தைவிடப் பதற்றம்தான் அதிகம் கெடுக்கிறது. பதறியவர்கள் பழைய கார்டு ஒன்றை மூடுவார்கள். மொத்த லிமிட் சுருங்கி, இருக்கும் பாக்கி இன்னும் பெரிதாகத் தெரியும். ஐந்து வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பார்கள்; ஐந்து விசாரணைக் குறிப்பு ஏறும். கடைசியில் ‘ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்’ என்கிற ஏஜெண்டிடம் பணத்தோடு பான், ஆதார் நகலையும் கொடுத்துவிட்டு வருவார்கள். உண்மையிலேயே தவறிய தவணையை எந்த ஏஜெண்டாலும் அழிக்க முடியாது. தப்பான பதிவைத் திருத்த நீங்களே போதும், அதற்குக் கட்டணமும் இல்லை.

இனி, உண்மையிலேயே பதற வேண்டியவை.

ரிப்போர்ட்டில் நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா? 2022-இல் நடிகை சன்னி லியோனி, தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கி ஸ்கோரைக் கெடுத்துவிட்டதாகப் பொதுவெளியில் எழுதினார். சில வாரத்தில் நடிகர் ராஜ்குமார் ராவும் அதையே சொன்னார்; அவர் பெயரில் 2,500 ரூபாய். தொகையைக் கவனியுங்கள். இத்தனை சின்னக் கடனை வசூலிக்க யாரும் வீடு தேடி வருவதில்லை. பாக்கி மட்டும் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அடையாள ஆவணங்கள் எங்கிருந்தெல்லாம் கசியும் என்பது கொல்கத்தாக்காரர்களுக்குப் புதிதல்ல. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாகக் கணக்கிலிருந்து பணம் உருவிய கும்பலால் 2023-இல் வங்காளமே ஆடிப்போனது. பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள் என்று கொல்கத்தா போலீஸ் எச்சரித்தது. ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த பான் நகலை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, மறந்துபோன கார்டு. பயன்படுத்தாத கார்டின் ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். கட்டாமல் விட்டால் அதுவும் தவறிய பாக்கி. கெடு முடிந்து மூன்று நாளைத் தாண்டிய பிறகே கார்டு பாக்கியைத் தவறியதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். மச்சானுக்கோ நண்பருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அவர் தவணை தவறினால் உங்கள் பெயரும் கெடும். வங்கி ‘பாதியைக் கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம்’ என்று செட்டில்மென்ட் பேசினால் குளிர்ந்துபோகாதீர்கள். கடன் ‘க்ளோஸ்டு’ ஆகாது, ‘செட்டில்டு’ என்றுதான் நிற்கும். அடுத்த வங்கி மேலாளர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

கொல்கத்தாவாசிகளுக்குக் கூடுதலாக ஒரு வேலை. இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அலகாபாத் வங்கி நம் இந்தியன் வங்கியிலும், யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா பஞ்சாப் நேஷனல் வங்கியிலும் 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்தன. அங்கே பழைய கடன் இருந்தவர்கள், அடைத்தது அடைத்ததாகவே இருக்கிறதா, ஒரே கடன் இரண்டு பெயரில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிபிஎஸ் வங்கியில் இணைந்த கரூர் லட்சுமி விலாஸ் வங்கியில் கடன் வைத்திருந்தவர்களும்தான்.

‘நான் கடனே கேட்கப்போவதில்லை, எனக்கெதற்கு?’ என்பவர்களுக்கு ஒரு வழக்கு. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்கு 2021-இல் நியமன ஆணையே வாங்கிவிட்ட ஒருவருக்கு, கடன் கட்டத் தவறிய வரலாற்றைக் காட்டி வேலை ரத்தானது. கடன்களை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடியும், ரத்து செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைப் படித்துக் காட்டுங்கள். மாணவர்களுக்கு ஒரு ஆறுதலும் உண்டு: குறைந்த ஸ்கோரைக் காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று 2023-இல் கேரள உயர்நீதிமன்றம் கூறியிருக்கிறது. கடனே வாங்கியிராத புதியவரை அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை நான்கு நிறுவனங்களும் இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணித்ததாகும். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் இறங்காது. ஸ்கோரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வரிகளைப் படியுங்கள். தப்பு இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் கடன் கொடுத்த வங்கியிடமும் புகார் போடுங்கள். மோசடி என்றால் சைபர் க்ரைம் போலீஸிலும். 30 நாளில் தீராவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். புகார் எண்ணையும் போட்ட தேதியையும் குறித்து வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.