உங்களுக்குத் தெரியுமா?

ஃபெரட்டுக்கும் அல்சர் வரும். காரணம், நம் வயிற்றுக் கிருமியின் உறவுக்காரக் கிருமிதான்!

• ஃபெரட் பார்க்கக் கீரி மாதிரி இருக்கும். ஆனால் நீர்நாய்க் குடும்பம். பால்குடி மறந்த ஃபெரட்களில் ஏறக்குறைய எல்லாவற்றின் இரைப்பையிலும் ‘ஹெலிகோபாக்டர் மஸ்டெலே’ குடியிருக்கிறது. பல ஃபெரட்கள் நலமாகவே திரியும். சிலவற்றுக்கு இரைப்பை அழற்சி, புண், அரிதாகப் புற்றுநோய்கூட.

• மனிதருக்கு வருவது ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’. அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது? யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. கில்லாடி!

• 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனுடன் நோபல் பரிசு.

• வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு கம்பெனி பஸ் ஏறுபவர்கள் கவனிக்க: நைட் ஷிஃப்டும் கார சாம்பாரும் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இந்தக் கிருமியும், அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகளும்தான். மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கிருமியைக் கண்டுபிடித்துவிடலாம்.

• இந்தியாவில் இந்தக் கிருமி மிகப் பரவலாக இருந்தும், இரைப்பைப் புற்றுநோய் ஒப்பீட்டளவில் குறைவு. ஆய்வாளர்கள் இதை ‘இந்தியப் புதிர்’ என்கிறார்கள்.