பி.எஸ்சி சைக்காலஜி முடித்ததும் 'சைக்காலஜிஸ்ட்' போர்டு மாட்டலாமா? சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சிங்காநல்லூர் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடும். "சைக்காலஜி எடுக்கட்டுமா?" என்று பிள்ளை கேட்கும். "அதப் படிச்சா என்ன வேலை கண்ணு கெடைக்கும்?" என்று அப்பா திருப்பிக் கேட்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். பதிலைத் தெரிந்துகொள்ளாமல் சேர்ந்தால், மூன்று வருஷம் கழித்துத்தான் சிக்கல் புரியும்.

அடுத்தவர் மனசைப் படிக்கும் படிப்பா?

இல்லை. முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லும் வித்தை எதுவும் இதில் கிடையாது. நினைவாற்றல், கற்றல், உணர்ச்சி, ஆளுமை, குழந்தை வளர்ச்சி, சமூக நடத்தை ஆகியவற்றைச் சோதனை செய்து, அளந்து பார்க்கும் அறிவியல் இது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியதைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அதனால் புள்ளியியல் பாடமும் கூடவே வரும். 'கணக்கே வேண்டாம்னுதான் இதுல சேர்ந்தேன்' என்பவர்கள் முதலில் திணறுவது இங்கேதான்.

கோவையில் எங்கே படிக்கலாம்?

அரசு கலைக் கல்லூரி, பி.எஸ்.ஜி கலை அறிவியல் கல்லூரி போன்றவற்றில் உளவியல் துறை இருக்கிறது. முதுநிலைக்கு மருதமலை சாலையில் பாரதியார் பல்கலைக்கழகம் உண்டு.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட்... என்ன வித்தியாசம்?

'சந்திரமுகி' படத்தில் ரஜினி ஏற்றது சைக்கியாட்ரிஸ்ட் வேடம். அவர் டாக்டர். எம்.பி.பி.எஸ் முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதலாம். உளவியல் பட்டதாரி மாத்திரை எழுத முடியாது.

அப்போ போர்டு?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மனநோயைக் கண்டறிந்து உளவியல் சிகிச்சை தரும் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' ஆக இளநிலைப் பட்டம் போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ-யில் பதிவு செய்திருக்க வேண்டும். வழக்கமான பாதை 3 ஆண்டு இளநிலை, 2 ஆண்டு முதுநிலை, அதன்பின் மருத்துவமனைப் பயிற்சியோடு 2 ஆண்டு எம்.பில். மொத்தம் 7 ஆண்டு! பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ம் ஆண்டு ஆர்.சி.ஐ சட்டப்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

இந்த எம்.பில் சேர்க்கைக்கு 2025-26 கல்வியாண்டு வரைதான் யுஜிசி அனுமதியை நீட்டித்தது. மருத்துவ உளவியலுக்கென 4 ஆண்டு பி.எஸ்சி ஹானர்ஸ் படிப்பை ஆர்.சி.ஐ கொண்டு வந்துள்ளது. பாதை மாறிக்கொண்டிருப்பதால், ஆர்.சி.ஐ இணையதளத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது.

தபால் வழியில் படிக்கலாமா?

முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்த யுஜிசி தடை விதித்துள்ளது. யாராவது 'அட்மிஷன் இருக்கு' என்று போன் செய்தால் உஷார்!

இளநிலையோடு நிறுத்தினால்?

மனிதவளத் துறை, தொண்டு நிறுவனங்கள், சந்தை ஆய்வு என வாய்ப்புகள் உண்டு. எம்.பி.ஏ, எம்.எஸ்.டபிள்யூ பக்கமும் போகலாம். ஆனால் சிகிச்சை தருவது வேறு விஷயம்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. ஆட்கள் தேவைதான். ஆனால் தற்கொலை எண்ணத்தோடு வருபவரிடம் பயிற்சி இல்லாத ஒருவர் 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று சொல்லி அனுப்பினால், இழப்பு ஒரு உயிராக இருக்கலாம்.

எனவே கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'ஃபீஸ் எவ்வளவு?' அல்ல. 'இதுக்கு அப்புறம் எத்தனை வருஷம் படிக்கணும்?' என்பதுதான்.

(மனநல ஆலோசனைக்கு 24 மணி நேரமும் டெலி-மானஸ் இலவச எண் 14416-ஐ அழைக்கலாம்.)