எல்லைச் சுவரும் ஆக்சிஜன் லாரியும்

கோவிட் வந்ததும் எல்லையை மூட எல்லா அரசுகளுக்கும் தெரிந்திருந்தது. யாருக்காக, எதற்காகத் திறப்பது என்பதில்தான் வேறுபட்டன.

2020 ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட நிர்வாகம், சித்தூர் மாவட்டத்துக்குப் போகும் இரண்டு சாலைகளின் குறுக்கே சுவர் எழுப்பியது. ஒன்று குடியாத்தத்தை அடுத்த சைனகுண்டாவில். மற்றொன்று பொன்னை அருகே. ஆந்திரத்திலிருந்து தொற்று வந்துவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். ஆனால் பெரிய வியாதி என்றால் சித்தூர்க்காரர்கள் ஓடுவது வேலூர் சி.எம்.சி.க்குத்தான். கண்டனம் எழவே, ஓரிரு நாளில் சுவர்கள் இடிக்கப்பட்டன.

நம் நாட்டில்தான் இப்படி என்று அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸும் ஸ்விட்சர்லாந்தின் கிராய்ட்ஸ்லிங்கனும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். 2020 மார்ச்சில் அவற்றின் நடுவே கம்பி வேலி முளைத்தது. காதலர்களும் குடும்பத்தினரும் வேலியின் இருபுறமும் நின்று கைகோத்துப் பேசினார்கள். உடனே இரண்டாவது வேலியும் வந்தது. இரண்டும் அகன்றது மே மாத நடுவில்தான்.

மூடியே ஜெயித்த நாடும் உண்டு. நியூசிலாந்து 2020 மார்ச் 19இல் வெளிநாட்டவருக்குக் கதவை அடைத்து, உள்ளே கடும் ஊரடங்கையும் பரிசோதனையையும் நடத்தியது. ஜூன் 8 அன்று அங்கே ஒரு நோயாளிகூட இல்லை. ஆனால் அதைச் சுற்றிக் கடல். ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்களுக்கு அந்த வசதி கிடையாது.

ஐரோப்பா இதைச் சீக்கிரமே உணர்ந்தது. மார்ச் 16இல் பிரான்ஸ் எல்லையில் கெடுபிடி விதித்த ஜெர்மனி, ஒரே வாரத்துக்குள் கிழக்கு பிரான்ஸின் தீவிர நோயாளிகளைத் தன் மருத்துவமனைகளில் சேர்த்துக்கொண்டது. சரக்கு லாரிகளுக்கு எல்லையில் 15 நிமிடத்துக்கு மேல் தாமதம் கூடாது என்று மார்ச் 23இல் ஐரோப்பிய ஆணையம் அறிவுறுத்தியது.

இந்தியாவிலும் ஆணைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது அலையின்போது, மருத்துவ ஆக்சிஜன் வண்டிகளை எந்த மாநிலமும் தடுக்கக் கூடாது என்று 2021 ஏப்ரல் 22இல் மத்திய உள்துறை உத்தரவிட்டது. நான்கே நாளில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் ஒதுக்கிய ஆக்சிஜனை ரத்து செய்யக் கோரி அப்போதைய தமிழக முதல்வர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தமிழகத்தின் தேவை ஏறிக்கொண்டிருந்தது. அவர் கவலையில் நியாயம் இருந்தது. ஆந்திரத்தின் தேவையிலும் இருந்தது.

மே 10 இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை தமிழகத்திலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் லாரிக்காகக் காத்திருந்தது. லாரி தாமதித்தது. தொட்டியில் இருப்பு தாழ்ந்தால் குழாயில் அழுத்தம் குறையும். வென்டிலேட்டரில் இருப்பவர்களை அது உடனே தாக்கும். அன்று சில நிமிடங்களில் 11 பேர் இறந்ததாக அரசு தெரிவித்தது. குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகி, சித்தூரிலிருந்து பிரிந்தது. வரைபடத்தில் இன்னொரு கோடு. கோடுகள் எத்தனை இருந்தாலும், நோயாளியும் ஆக்சிஜனும் அவற்றை எப்படிக் கடக்கும், கையிருப்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அண்டை மாவட்டங்கள் நோய் இல்லாத நாளிலேயே பேசி முடித்துவிட வேண்டும். நோய் வந்த பிறகு கையில் கிடைப்பது செங்கல் மட்டும்தான்.