முயலின் காதும் நம் முதுகு வலியும்



"இடுப்பு பிடிச்சிருச்சுங்க ஐயா, நிமிரவே முடியல." கூடை சுமக்கும் அக்காமாரும் கான் வெட்டும் அண்ணன்மாரும் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. இந்த வலிக்கு மருந்து தேடிய கதையில் முயலுக்கும் பப்பாசிக்கும் பங்கு உண்டு.

நமது முதுகெலும்புகளுக்கு இடையில் டிஸ்க் என்னும் தட்டுகள் உள்ளன. டிஸ்கின் ஓரம் உறுதியான நார். நடுப்பகுதி ஜெலி மாதிரி இருக்கும். வயது ஏற ஏற அதில் தண்ணீர் குறைகிறது. ஓரம் கிழிந்து உள்ளே இருப்பது பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி காலுக்கும் இறங்கும்.

1956இல் அமெரிக்காவில் லூயிஸ் தோமஸ் என்ற டாக்டர், பப்பாசிப் பாலில் உள்ள பப்பேன் என்னும் பொருளை முயல்களுக்கு ஊசியால் ஏற்றினார். நிமிர்ந்து நின்ற காதுகள் தொங்கிப் போயின! காதைத் தாங்கும் குருத்தெலும்பு இளகியதே காரணம். சில நாட்களில் மறுபடியும் நிமிர்ந்துவிட்டன.

இதை அறிந்த லைமன் ஸ்மித் என்ற டாக்டர், அதே பாலில் உள்ள கைமோபப்பேனை முயலின் டிஸ்கில் ஏற்றிப் பார்த்தார். நடுப்பகுதி கரைந்தது. 1963இல் மனிதருக்கும் கொடுத்தார். 1982இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. பலருக்கு வலி குறைந்தது. ஆனால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. மிகச் சிலருக்குக் கால்களே வழங்காமல் போயின. 2003இல் அங்கு விற்பனை நின்றது.

முயலில் சரியானது மனிதரில் ஏன் அப்படியே சரியாகவில்லை? முயல் நாலு காலில் நடப்பது. அதன் டிஸ்கில் உள்ள இளம் உயிரணுக்கள் வளர்ந்த பின்னும் இருக்கும். நமக்கோ சிறு வயதிலேயே மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இங்கதான் வலிக்குது" என்று முயலுக்குச் சொல்லத் தெரியாது.

ஆகவே பப்பாசிப் பாலை முதுகில் பூசிப் பார்க்காதீர்கள், தோல் புண்ணாகும். வலி காலுக்கு இறங்கினால் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பேர் போட்டுட்டு அப்புறம் பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம்.

முயலுக்கு வாயில்லை. நமக்கு இருக்கிறது. வலியை மறைக்காமல் சொல்லுங்கள்.