பித்தக் குழாய் புற்றுநோய்: ஈரலையே மாற்றி உயிர் காக்கும் டாக்டர்கள்! ஊசி குத்தினாலும் வாய்ப்பு போச்சு!

வால்ட்டர் பேட்டன் — பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் கொடி கட்டிப் பறந்தவர். சிகாகோ பேர்ஸ் குழுவின் நட்சத்திரம். மலை போன்ற ஆட்கள் வந்து மோதினாலும் அசைய மாட்டார். 13 ஆண்டுகளில் ஒரே ஒரு பந்தயத்துக்குத்தான் அவர் வரவில்லை!

அப்பேர்ப்பட்டவரை, ஈரலில் இருக்கும் சின்னக் குழாய் சாய்த்துவிட்டது.

1999 பிப்ரவரியில் தனக்கு ஈரல் நோய் என்று அறிவித்தார். மாற்று ஈரலுக்காகக் காத்திருந்தார். அதற்குள் பித்தக் குழாயில் புற்றுநோய் வந்துவிட்டது. அது பரவியும் விட்டது. இனி ஈரல் மாற்றிப் பயன் இல்லை என்று ஆகிவிட்டது. நவம்பர் 1-ந் தேதி இறந்து போனார்.

பரவும் முன்பே கண்டுபிடித்தால்? அதற்கு வழி இருக்கிறது!

கத்திக்கு எட்டாத இடம்

ஈரலில் ஊறும் பித்தநீர் இந்தக் குழாய் வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. வலது பக்கக் குழாயும் இடது பக்கக் குழாயும் ஒன்று சேரும் கவட்டையில் கட்டி முளைத்தால் பெரிய வம்பு. பக்கத்திலேயே பெரிய ரத்தக் குழாய்கள். கட்டி இரண்டு பக்கமும் ஏறிவிட்டால், எந்தப் பக்க ஈரலை எடுப்பது, எதை விடுவது?

"ஈரலையே மாற்றிவிடலாமே!" என்று தோன்றும். முன்பு செய்து பார்த்தார்கள். தோல்விதான் மிச்சம். புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். உள்ளே ஒளிந்திருந்த புற்று அணுக்களுக்கு அதுவே கொண்டாட்டம். நோய் திரும்ப வந்தது.

முதலில் அடி, பிறகு மாற்று

1993-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் மேயோ ஆஸ்பத்திரி டாக்டர்கள் புது வழியில் இறங்கினார்கள்.

முதலில் வெளியே இருந்து கதிர்வீச்சு. கூடவே புற்றுநோய் மருந்து. அடுத்து பித்தக் குழாய்க்கு உள்ளேயே கதிர்வீச்சுக் கம்பியை விட்டு, கட்டியைச் சுடுவார்கள். மாற்று ஈரல் கிடைக்கும் வரை மாத்திரை.

பிறகு வயிற்றைத் திறந்து சோதனை. நோய் வேறு எங்காவது பரவி இருக்கிறதா? ஒரு பொட்டு தெரிந்தாலும், அவ்வளவுதான். மாற்று ஈரல் கிடையாது. பரவவில்லை என்றால்தான் கடைசி ஆபரேசன்.

இறந்தவரின் ஈரல்தான் வேண்டும் என்பது இல்லை. உயிரோடு இருக்கும் உறவினரே தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு ஈரல் மறுபடி வளர்ந்துவிடும்.

கறார் சட்டம்

இந்தச் சிகிச்சை எல்லாருக்கும் கிடைக்காது. கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வெட்டி எடுக்க முடியாததாக இருக்க வேண்டும். அல்லது பித்தக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் நோயில் வந்ததாக இருக்க வேண்டும்.

இன்னொன்றுதான் பலருக்குத் தெரியாது. வயிறு வழியாக ஊசி விட்டுக் கட்டியில் சதை எடுத்துச் சோதித்திருந்தால், கதவு சாத்தப்படும்! ஊசி போன வழியில் புற்று அணுக்கள் சிந்தியிருக்கலாம் என்ற பயம்தான் காரணம். ஆகவே, ஊசிக்கு முன்பே ஈரல் மாற்று நிபுணரைக் கேட்பது புத்திசாலித்தனம்.

பலன் என்ன? 12 அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இந்த முறையில் சேர்ந்த 287 பேரின் கணக்கு 2012-ல் வெளியானது. ஈரல் மாற்றியவர்களில் 100-க்கு 65 பேர், 5 ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். பாதி வழியில் நோய் பரவி, வாய்ப்பை இழந்தவர்களும் உண்டு.

எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் காமாலை என்றாலே புற்றுநோய் அல்ல. ஆனால் கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கருமை, மலம் வெளுப்பு — இவை சேர்ந்து வந்தால், கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு நாளைக் கடத்த வேண்டாம். உடனே டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்!