சாய்ந்த மூலைமட்டம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரெயிலில் நீங்கள் போயிருக்கலாம். கவரைப்பேட்டையைக் கடந்து விரைகின்ற அவ்வண்டி, நடைமேடையில் நிற்பவரின் அளவுக்குத் தன் நீளத்தில் சற்றே குறைகின்றது என்றால் நகைப்பீர்கள். ஆயினும் 1905-இல் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சிறப்புச் சார்பியல் தத்துவம் அதைத்தான் கூறுகின்றது. மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும் 200 மீட்டர் வண்டியில், அக்குறைவு ஓர் அணுவின் விட்டத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதனால்தான் நாம் அதை உணர்வதில்லை.

இவ்வட்டாரத்தில் நான் ஆசிரியனாக இருந்த நாளில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிற்பேட்டைப் பட்டறையொன்றில் வேலை பார்த்தவரின் மகன் எழுந்து, "நீளம் குறைந்தால் அப்பாவின் மூலைமட்டம் என்ன ஆகும், ஐயா?" என்றான். "கோணம் நீளமன்று, அது மாறாது, உட்கார்" என்றேன். அன்றிரவு கணக்கிட்டபோது, தவறு என்னுடையதென்று தெரிந்தது.

செல்லும் திசையில் உள்ள நீளம் மட்டுமே குறையும். அதற்குக் குறுக்கான உயரம் குறையாது. விநாடிக்கு ஏறத்தாழ 2,60,000 கிலோமீட்டர் வேகத்தில் நீளம் பாதியாகும். வண்டியினுள் 45 பாகையில் சாய்ந்திருக்கும் கோலுக்கு அடியும் உயரமும் சமம். வெளியே நிற்பவருக்கோ அடி பாதி, உயரம் முழுமை. ஆகவே கோணம் சுமார் 63 பாகை. மூலைமட்டத்தின் ஒரு கை தண்டவாளத்தை ஒட்டியும் மற்றது செங்குத்தாகவும் இருந்தால் செங்கோணம் பிழைத்துக்கொள்ளும். கூரைபோலக் கவிழ்த்து வைத்தாலோ, அதே செங்கோணம் 53 பாகையாகிவிடும்! வண்டியில் இருப்பவருக்கு அது என்றும் 90 பாகையே. இருவர் அளவும் சரியே.

இது வெறுங்கற்பனையன்று. உதகமண்டலத்திலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் மியூவான் என்னும் துகள்களைப் பதிவு செய்கின்றது. வானில் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் தோன்றும் இவற்றின் சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு, ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டர்தான் செல்லலாம். பின் எவ்வாறு தரையை அடைகின்றன? நீளம் முப்பதில் ஒன்றாகக் குறையும் வேகத்தில் இறங்கும் மியூவானுக்கு, அந்த 15 கிலோமீட்டர் 500 மீட்டரே. இங்கே குறைவது உயரம். ஆகையால் நீலகிரியின் 45 பாகைச் சரிவு, நேரே கீழிறங்கும் அத்துகளின் கணக்கில் 2 பாகைக்கும் குறைந்த மேட்டுநிலம்!

மறுநாள் கரும்பலகையில் என் தவற்றைத் திருத்தினேன். பையன் விடவில்லை. "புகைப்படம் எடுத்தாலும் 53 பாகைதான் விழுமா?" என்றான். நல்ல வேளை, இம்முறை அவசரப்படவில்லை. எப்போதும் அப்படி விழும் என்பதில்லை. நாம் சொன்ன கோணம், பொருளின் எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் குறித்து அளந்தது. கண்ணுக்கோ காமிராவுக்கோ ஒரே கணத்தில் வந்துசேரும் ஒளி, தொலைவான முனையிலிருந்து முன்னதாகவும் அருகிலுள்ள முனையிலிருந்து பின்னதாகவும் புறப்பட்டது. அதற்குள் பொருள் நகர்ந்துவிடுகின்றது. எனவே தொலைவில் செல்லும் சிறு பொருள் நசுங்கியதாகத் தோன்றாது, திரும்பி நிற்பதாகவே தோன்றும் என்பதை 1959-இல் பென்ரோஸும் டெரலும் தனித்தனியே எடுத்துக்காட்டினர்.